வேர்ஹவுஸ்ல பெர்மனென்ட் பண்றாங்களாம், வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எடுக்கலாமா?

புதுசா_வந்தவ
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் எழுதறேன், கோர்வையா இல்லேன்னா மன்னிச்சுக்கங்க. ஊர்ல நல்ல வேலைல இருந்தேன். இங்க கனடாவுக்கு வந்ததுலேர்ந்து ரெஸ்யூமே அனுப்பிக்கிட்டே இருக்கேன். கிடைக்கலேன்னு சொல்றதுக்குக்கூட பாதிப் பேர் ஒரு வரி எழுதறதில்ல. இப்ப ஏஜென்சி மூலமா ஒரு வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் போறேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். பெர்மனென்ட் பண்றோம், பல்லுக்கு கண்ணாடிக்கு எல்லாம் பெனிஃபிட் வரும், வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கறார். வீட்டுக்காரர் எடுத்துக்கோங்கறார். அம்மா ஃபோன்ல "இவ்வளவு படிச்சிட்டு பெட்டி தூக்கவா அங்க போன"ன்னு அழறாங்க. இத எடுத்தா என் படிப்பு அவ்வளவுதானா? எடுக்கலேன்னா வாடகைக்கு என்ன பண்றது? யாராவது சொல்லுங்க.

டெஸ்டிங்_தம்பி
அக்கா எடுக்காதீங்க. ஐடி மார்க்கெட் டல்லுதான், இல்லேங்கல. ஆனா மேனுவல் டெஸ்டிங்லேர்ந்து ஆட்டோமேஷனுக்கு மாறிட்டா கூப்பிடறாங்க. ராத்திரி பெட்டி தூக்கிட்டு பகல்ல படிக்க முடியாது. கிட்ஹப்ல ரெண்டு பிராஜக்ட் போட்டு வைங்க, லிங்க்ட்இன்ல தினம் ஒரு போஸ்ட் போடுங்க.

புதுசா_வந்தவ
நான் ஐடி இல்லைங்க.

பழைய_ஸ்காபரோக்காரன்
பிள்ளை, அழாதையுங்கோ. நான் 91இல வந்தனான். ஊரில கணக்கு வாத்தியார். இங்க வந்து முதல் வேலை கோப்பை கழுவினது. பகலில ரெஸ்டோரண்ட், இரவில ஒஃபிஸ் கிளீனிங். பனிக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டு கால் விறைச்சுப் போகும். ஒரு பேஸ்மென்ட்டில ஏழெட்டுப் பெடியள் ஒண்டாய் இருந்தம். எங்களில ஒருத்தரும் பெனிஃபிட் எண்டு கேக்கேல்ல. இப்ப வாறவைக்கு எல்லாம் உடன வேணும். பெர்மனென்ட் தாறன் எண்டால் ரெண்டு கையாலயும் வாங்குங்கோ. பிள்ளையள் படிச்சு முன்னுக்கு வருவினம்.

பிராம்ப்டன்_அக்கா
ஐயா சொல்றது சரிதான், ஆனா அது அப்ப. நான் சொல்றத கேளுமா. பிஎஸ்டபிள்யூ கோர்ஸ், அதான் வயசானவங்களப் பார்த்துக்கற வேலைக்கான படிப்பு, பண்ணிடு. முதியோர் இல்லம், ஹோம் கேர், எங்க பார்த்தாலும் ஆள் கேக்கறாங்க. நான் ஊர்ல பாங்க்ல இருந்தேன், இங்க பிஎஸ்டபிள்யூ பண்ணித்தான் வீடு வாங்கினோம். ஒரு பாட்டிக்கு குளிப்பாட்டி தலை சீவி விட்டா அவங்க கையப் பிடிச்சுக்குவாங்க பாரு, பாங்க்ல எனக்கு அந்த மாதிரி ஒரு நாளும் இருந்ததில்ல.

நெய்வேலி_மிசிசாகா
எல்லாத்துக்கும் முன்னாடி டபிள்யூஇஎஸ்ங்கற அமைப்புல டிகிரி எவால்யுவேஷன் பண்ணுங்க. டிகிரிய இங்க எவால்யுவேட் பண்ணாம ஒருத்தனும் ரெஸ்யூமேவ தொடமாட்டான்.

டெஸ்டிங்_தம்பி
சார், எனக்கு எந்த கம்பெனியும் டபிள்யூஇஎஸ் கேக்கல. அது இமிக்ரேஷனுக்கு. இன்னொரு விஷயம், சின்ன வேலைக்குப் போறதா இருந்தா, மாஸ்டர்ஸ் இருந்தா அத ரெஸ்யூமேலேர்ந்து தூக்கிடுங்க. ஓவர் குவாலிஃபைடுன்னு ஒதுக்கிடறாங்க.

நெய்வேலி_மிசிசாகா
படிச்ச படிப்ப மறைக்கச் சொல்றீங்களே தம்பி. நல்லாருக்கு.

கால்கரி_கண்ணன்
எது மறைச்சாலும் காட்டினாலும் ஒண்ணுதான். எல்லாருக்கும் கனடா அனுபவம் வேணும். அது வேலை செஞ்சாத்தான் வரும். வேலையோ அனுபவம் இருந்தாத்தான் கொடுப்பாங்க.

பிராம்ப்டன்_அக்கா
நம்மாளுங்க கடைல கேட்டா கேஷ்ல தர்றேங்கறாங்க, அதுவும் மினிமம் வேஜுக்குக் கீழ. கேட்டா "உனக்கு அனுபவம் கிடைக்குதுல்ல"ன்னு பதில்.

பழைய_ஸ்காபரோக்காரன்
எல்லாக் கடையும் அப்பிடி இல்லை அக்கா. எனக்கு முதல் ஜக்கெட் வாங்கித் தந்தது ஒரு கடைக்கார அண்ணைதான்.

கால்கரி_கண்ணன்
என் ஃபிரெண்டுக்கு ஒரு கன்சல்டன்சி, இன்டர்வியூ கேரண்டின்னு சொல்லி காச வாங்கிக்கிட்டு ஒரு ரெஸ்யூமே டெம்ப்ளேட்ட அனுப்பி வெச்சாங்க. வாடகை ஏறுது, கார் இன்ஷூரன்ஸ் ஏறுது, ஊர்ல கேட்டா "உனக்கென்ன டாலர்"ங்கறாங்க. போன வாரம் மைனஸ் இருபத்தெட்டு.

நெய்வேலி_மிசிசாகா
கால்கரில அது வெயில் காலம்தானே.

லேப்கோட்
மேடத்தோட வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஊர்ல என்ன வேலை, எந்த ஊர்ல இருக்கீங்க, பிஆரா (நிரந்தரமா தங்கற அனுமதி) ஒர்க் பெர்மிட்டா? மூணையும் நீங்க இன்னும் சொல்லவே இல்ல. அதுக்குள்ள ஒருத்தர் கோடு எழுத வெச்சாச்சு, ஒருத்தர் நர்சிங் ஹோமுக்கு அனுப்பியாச்சு. ஏஜென்சி ஆள எடுக்கறதுக்கு உங்ககிட்ட காசு கேட்டுச்சா? ஒண்டாரியோல டெம்ப் ஏஜென்சி வேலை கொடுக்கறதுக்கு தொழிலாளிகிட்ட ஒரு பைசா வாங்கக்கூடாது. 2024 ஜூலைலேர்ந்து அவங்க லைசென்ஸும் வெச்சிருக்கணும். மாகாண சைட்ல பேர போட்டா தெரியும்.

இன்னொண்ணு. ஊர்ல அந்த வேலைல எந்த நாள் வீட்டுக்கு சந்தோஷமா வருவீங்க? சம்பள நாள விட்டுட்டுச் சொல்லுங்க.

புதுசா_வந்தவ
காசு கேக்கல. ஸ்காபரோல கென்னடி பக்கம் இருக்கோம். பிஆர், வீட்டுக்காரரோட அப்ளிகேஷன்ல வந்தேன். நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஆலத்தூர் சிட்கோல ஒரு மருந்து கம்பெனில கியூசி, அதாவது தரப் பரிசோதனை. எச்பிஎல்சி, டிஸ்ஸல்யூஷன், ஸ்டெபிலிட்டின்னு மருந்துக்கான லேப் டெஸ்ட் எல்லாம் பார்த்தேன். அமெரிக்க மருந்துத் துறை எஃப்டிஏவோட இன்ஸ்பெக்ஷன் நேர்ல பார்த்திருக்கேன். இங்க "கியூசி மேனேஜர்", "சீனியர் கெமிஸ்ட்"னு போட்டுத் தேடி எல்லாத்துக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்பினேன்.

சந்தோஷமான நாள்னா... ஒரு பேட்ச் ஓஓஎஸ் ஆச்சுன்னா, அதாவது டெஸ்ட் ரிசல்ட் அளவுக்கு வெளிய போச்சுன்னா, எல்லாரும் அனலிஸ்ட் தப்புன்னு சொல்லி ரீடெஸ்ட் போட்டு முடிக்கப் பார்ப்பாங்க. நான் விடமாட்டேன். மெஷின்ல இருக்கற காலம்ங்கற குழாய்ல பிரச்சனையா, சாம்பிள் கரைச்ச விதமா, நிஜமாவே மாத்திரைல குறையான்னு தோண்டிக்கிட்டே இருப்பேன். காரணம் கிடைச்ச அன்னிக்கு பசிக்கவே பசிக்காது.

பிராம்ப்டன்_அக்கா
அப்ப பிஎஸ்டபிள்யூ வேணாம்மா.

லேப்கோட்
இத முதல் வரில எழுதியிருந்தா எல்லாருக்கும் பாதி டைப்பிங் மிச்சம். நானும் லேப்தான், மிசிசாகா.

முதல்ல உங்க தொழில் ஒண்டாரியோல இஞ்சினியர், நர்ஸ் மாதிரி லைசென்ஸ் வாங்கித்தான் செய்யணும்னு இல்ல. கெமிஸ்ட்டுக்கு ஒரு பட்டம் இருக்கு, விருப்பப்பட்டவங்க வாங்கிக்கலாம். அது இல்லாமலே நாளைக்கே லேப்ல சேரலாம். டபிள்யூஇஎஸ் சண்டைல ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. அனலிஸ்ட் வேலைக்கு பெரும்பாலும் கேக்கமாட்டாங்க. ஆனா மத்திய சுகாதாரத் துறை ஹெல்த் கனடாவோட ஜிஎம்பி (மருந்து தயாரிப்புத் தர விதிகள்) வழிகாட்டில, மருந்து தயாரிக்கற இடத்துல கியூசி டிபார்ட்மென்ட்டுக்குப் பொறுப்பா இருக்கறவருக்கு கனடா டிகிரியோ, அதுக்கு இணைன்னு இங்க ஏத்துக்கிட்ட டிகிரியோ இருக்கணும்னு இருக்கு. நீங்க தேடின மேனேஜர் வேலை அந்தப் பக்கம் போகுது. அதனால இவால்யுவேஷன் பின்னாடி வேணும், வெள்ளிக்கிழமைக்கு வேணாம்.

தேடற பேர மாத்துங்க. "கியூசி அனலிஸ்ட்", "லேப் அனலிஸ்ட்", "கியூசி டெக்னீஷியன்", "ஸ்டெபிலிட்டி கோஆர்டினேட்டர்". ஒரு படி கீழ இறங்கறது வலிக்கும். உள்ள போயிட்டா ஏறறது சீக்கிரம். நீங்க சொன்ன தோண்டற வேலைக்கு இங்க தனி ஆளே வெச்சிருக்காங்க, "கியூஏ இன்வெஸ்டிகேஷன்", "டீவியேஷன்"னு போட்டுப் பாருங்க. அத மனசுல வெச்சுக்கங்க, முதல் வேலையா அதுதான் வேணும்னு பிடிவாதம் வேணாம்.

இண்டீடுல எல்லாரும் ஒரே குட்டைலதான் மீன் பிடிக்கறாங்க. ஹெல்த் கனடா, மருந்து நிறுவன லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க பட்டியல வெளில போட்டிருக்கு. டெஸ்டிங்குக்கும் லைசென்ஸ் வேணுங்கறதால, மத்த கம்பெனிக்கு டெஸ்ட் பண்ணித் தர்ற கான்ட்ராக்ட் லேபுங்களும் அதுல வரும். உங்க வீட்லேர்ந்து போகக்கூடிய ஊர் பேர வெச்சு வடிகட்டுங்க. பெரிய பேரு நார்த் யார்க்ல அபோடெக்ஸ், சனோஃபி எல்லாருக்கும் தெரியும், அங்க குவியும். பேர் தெரியாத சின்ன லேபுக்கு நேரா அவங்க கேரியர்ஸ் பக்கத்துல போடறவங்க கம்மி. மெட்டர்னிட்டி லீவ் கவர்னு வர்ற கான்ட்ராக்ட்ட விடாதீங்க. இங்க ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம்கூட லீவ் எடுக்கறாங்க, அந்த இடத்துக்கு ஆள் கட்டாயம் வேணும்.

புதுசா_வந்தவ
ரெஸ்யூமேல என்ன தப்புன்னு சொல்லுங்க சார். அஞ்சு பக்கம் இருக்கு. ஃபோட்டோ வெச்சிருக்கேன்.

லேப்கோட்
ஃபோட்டோ, பிறந்த தேதி, கல்யாணம் ஆச்சா, அப்பா பேர், கீழ "மேற்கண்டவை உண்மை"ன்னு கையெழுத்து எல்லாத்தையும் எடுங்க. ரெண்டு பக்கம். "கியூசி வேலைகளைக் கவனித்தேன்"னு பொதுவா எழுதாம மெஷின் பேர், சாஃப்ட்வேர் பேர் போடுங்க: வாட்டர்ஸா, ஏஜிலன்டா, எம்பவர்ல வேலை செஞ்சீங்களா. மெத்தட் வேலிடேஷன் (டெஸ்ட் முறை சரியான்னு நிரூபிக்கறது) பண்ணியிருந்தா ஐசிஎச்ங்கற சர்வதேச அமைப்போட வழிகாட்டி பேரப் போட்டு ஐசிஎச் கியூ2ன்னு எழுதுங்க. அது ஆலத்தூர்லயும் டொராண்டோலயும் ஒண்ணுதான், ஹெல்த் கனடாவும் ஐசிஎச் உறுப்பினர்தான். ஓஓஎஸ் இன்வெஸ்டிகேஷன்ல ஒரு கேஸ மூணு வரில எழுதுங்க, கம்பெனி ரகசியம் வெளிய வராம. இன்டர்வியூல அதத்தான் கேப்பாங்க.

எம்.எஸ்சி.ய எடுக்காதீங்க. லேப்ல அது பாரம் இல்ல.

டெஸ்டிங்_தம்பி
நான் பொதுவா சொன்னேன் சார்.

கண்ணன் அண்ணா, கனடா அனுபவம் பத்தி ஒண்ணு. ஒண்டாரியோல 2026 ஜனவரிலேர்ந்து 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கம்பெனி வெளில விளம்பரம் போட்டா கனடா அனுபவம் கட்டாயம்னு எழுதக்கூடாது. சம்பள ரேஞ்ச் போடணும். இன்டர்வியூ எடுத்தா 45 நாளுக்குள்ள முடிவு எடுத்தாச்சா இல்லையான்னு சொல்லணும்.

கால்கரி_கண்ணன்
எழுதக்கூடாது சரி, மனசுல நினைக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கா? நான் இருக்கறது ஆல்பர்ட்டா வேற.

நெய்வேலி_மிசிசாகா
சம்பள ரேஞ்ச் போடறது பெரிய உதவி. முன்ன எவ்வளவு எதிர்பார்க்கறீங்கன்னு கேட்டா நாமளே குறைச்சுச் சொல்லிட்டு வருவோம். மேடம், லேப்கோட் சொன்னதோட கஞ்சா டெஸ்டிங் லேபையும் பாருங்க. 2018ல சட்டப்படி ஆனதுலேர்ந்து அதுக்கும் ஹெல்த் கனடா லைசென்ஸ். அதுல போதை தர்ற டிஎச்சி அளவு பார்க்கறது அதே எச்பிஎல்சிதான்.

புதுசா_வந்தவ
ஐயோ சார். பெட்டி தூக்கறதுக்கே அம்மா அழறாங்க.

பழைய_ஸ்காபரோக்காரன்
அம்மாவிட்ட "மூலிகை ஆராய்ச்சி" எண்டு சொல்லுங்கோ.

லேப்கோட்
வெள்ளிக்கிழமை. நீங்க நேரா எழுதாத ஒரு பயம் இருக்குன்னு நினைக்கறேன். ஊர் மாதிரி பெர்மனென்ட்னா மூணு மாச நோட்டீஸ், பாண்டு, ரிலீவிங் லெட்டர்னு மாட்டிக்குவோம்னு. இங்க இந்த மாதிரி வேலைல ரெண்டு வாரம் முன்னாடி சொல்லிட்டுக் கிளம்பறது வழக்கம். ஆஃபர் லெட்டர்ல வேற ஏதாவது எழுதியிருக்கான்னு மட்டும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. பெனிஃபிட் எந்த மாசத்துலேர்ந்து ஆரம்பிக்குதுன்னும் கேளுங்க. சில இடத்துல மூணு மாசம் கழிச்சுத்தான்.

அதனால எடுங்க. ஆனா நைட் ஷிஃப்ட்டா எடுக்காதீங்க. எச்ஆர் கூப்பிடறது காலைல பத்திலேர்ந்து சாயங்காலம் நாலுக்குள்ள. அப்ப நீங்க தூங்கிட்டு இருப்பீங்க, இல்ல தூக்கக் கலக்கத்துல பேசுவீங்க. சூப்பர்வைசர் நல்ல மனுஷன்னு சொன்னீங்க, மூணு மணிலேர்ந்து பதினோரு மணி ஷிஃப்ட் இருக்கான்னு கேளுங்க. நைட் பிரீமியம் (ராத்திரிக்கான கூடுதல் காசு) போகும், போகட்டும்.

பழைய_ஸ்காபரோக்காரன்
அப்ப நான் சொன்னதுதானே. எடுக்கச் சொல்லித்தானே நானும் சொன்னனான்.

லேப்கோட்
ஓம் அண்ணை, நீங்கதான் முதல்ல சொன்னது.

பிராம்ப்டன்_அக்கா
பிஆர்னா பிரிட்ஜ் டிரெயினிங் (ஊர்ப் படிப்பு இருக்கறவங்கள இங்க அதே துறை வேலைக்குத் தயார் பண்ற பயிற்சி), புதுசா வந்தவங்களுக்கு உதவற செட்டில்மென்ட் ஆபீஸ்ல மென்ட்டர் எல்லாம் கிடைக்கும்மா. ட்ரையெக்னு ஒண்ணு இருக்கு, உன் துறையிலேயே இருக்கற ஒருத்தரோட சேர்த்து விடுவாங்க, காசு இல்ல. அவங்ககிட்ட வேலை வாங்கித் தாங்கன்னு கேக்காத. உங்க லேப்ல ஆள எப்படி எடுக்கறாங்கன்னு கேளு. வேலை காலியானா அவங்களுக்கே உன் ஞாபகம் வரும்.

புதுசா_வந்தவ
சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். மத்தியான ஷிஃப்ட்ல ஒரு இடம் இருக்காம், அடுத்த மாசத்துலேர்ந்து. கையெழுத்துப் போட்டுட்டேன். பெனிஃபிட் மூணு மாசம் கழிச்சுத்தான்னு லெட்டர்ல இருந்தது, நீங்க சொன்னதாலதான் பார்த்தேன். லைசென்ஸ் பட்டியல்ல மார்க்கம் பக்கமே நான் கேள்விப்படாத பேருங்க இருக்கு. வேர்ஹவுஸ் வேலைய ரெஸ்யூமேல போடணுமா?

நெய்வேலி_மிசிசாகா
போடாதீங்க.

பிராம்ப்டன்_அக்கா
போடுமா. இல்லேன்னா இத்தனை நாள் என்ன பண்ணினேன்னு கேப்பாங்க.

லேப்கோட்
கடைசில ஒரே வரி, வருஷத்தோட. விளக்கம் வேணாம். அங்க சரக்கு எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடறீங்கன்னா அத மட்டும் சேருங்க, டாக்குமென்டேஷன்னு லேப்காரனுக்குப் புரியும். மேல பாதி பக்கம் ஆலத்தூர்தான் இருக்கணும்.

நிறைய லேப் மிசிசாகா பக்கம் இருக்கு, கென்னடிலேர்ந்து பஸ்ல வந்தா பாதி நாள் ரோட்டுல போயிடும். ஊர்ல கார் ஓட்டியிருந்தா ஆர்டிஓகிட்ட அனுபவத்துக்கு லெட்டர் வாங்கிடுங்க, டிரைவிங் லைசென்ஸோட முதல் படியான ஜி1ல காத்திருக்கற காலம் குறையும். ரெஸ்யூமேவ பேரும் நம்பரும் அழிச்சிட்டு எனக்கு மெசேஜ்ல அனுப்புங்க. சனிக்கிழமை பொண்ணுக்கு பரதநாட்டியம் கிளாஸ், ஞாயித்துக்கிழமை பார்த்துச் சொல்றேன்.