யாஷிகா மேட் 124ஜி: குறைந்த வேகத்தில் ஷட்டர் மூட மறுக்கிறது

அப்பா கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுத்த, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள ஃபிலிம் கேமரா இது. பத்து வருடம் பீரோவில் கிடந்து, இப்போது சென்னையில் என்னிடம் இருக்கிறது. கோப்பல்-எஸ்வி ஷட்டர், 80 மி.மீ. யாஷினான் லென்ஸ்.

1/60 நொடி முதல் 1/500 நொடி வரை சுத்தமாக அடிக்கிறது. 1/30-லிருந்துதான் தடுமாற்றம். ஒரு நொடியில் வைத்து அழுத்தினால் 'கிர்ர்' என்று பாதி ஓடி, சத்தம் நின்றுவிடும். ஷட்டர் இதழ்கள் திறந்தபடியே நிற்கும். முன்பக்கத்தை விரலால் லேசாகத் தட்டினால் மூடிக்கொள்ளும். கிராங்க், ஃபிலிம் நகர்வது எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. செல்ஃப் டைமரை நான் தொடவே இல்லை, அது மாட்டிக்கொண்டால் இன்னொரு தலைவலி.

மூன்று வாரமாகப் போராடுகிறேன். முதலில் ஃபிலிம் இல்லாமல் நூறு தடவை அடித்துப் பார்த்தேன், பயனில்லை. அப்புறம் படம் எடுக்கும் கீழ் லென்ஸின் முன் கண்ணாடியைக் கழற்றினேன். இதழ்களில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் தெரிந்தது. பட்ஸில் லைட்டர் திரவம் தொட்டு நாலு முறை துடைத்தேன். ஒரு நாள் அருமையாக ஓடியது, மறுநாள் காலை பழையபடி ஆகிவிட்டது. ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "பார்ட்ஸ் கிடைக்காது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோளாறு இதழ்களில் இல்லை, குறைந்த வேகங்களில் ஷட்டர் மூடுவதைத் தாமதப்படுத்தும் மெதுவேகப் பற்சக்கரத் தொகுதியில் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்த மாடலைப் பிரித்தவர்கள் சொல்லுங்கள்: அந்தத் தொகுதியை லென்ஸ் வழியாகவே எட்டிக் கழுவ முடியுமா, இல்லை கேமரா மேல் ஒட்டியிருக்கும் தோலை உரித்து முன்தகட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?