கலைச்சொல்: ‘ஆழ்மூச்சு’க்குப் பதில் ‘நீள்விடுமூச்சு’

வணக்கம்.

> தேர்வுப் பதற்றத்துக்கான பயிற்சியை ‘ஆழ்மூச்சு’ என்றே குறிக்கலாம். எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் ‘நிறைய இழு’ என்று புரிகிறது.

போன செமஸ்டரில், தேர்வு அறை வாசலில் ஒரு மாணவி ஹால் டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்தபடி நின்றாள். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. “ஆழமாத்தான் இழுக்கறேன் மேம், தலை சுத்துது, விரலெல்லாம் மரத்துப்போகுது” என்றாள். அந்தச் சொல் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். அளவு மீறி மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். அதையும் பதற்றம் என்றெண்ணி இன்னும் மிரள்வார்கள். “சூடான டீயை ஊதுற மாதிரி மெதுவா விடும்மா” என்றேன். ஏழெட்டு முறை விட்டபின் தோள் இறங்கியது. மூச்சை இழுக்கையில் இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடுகையில் தணியும். கலைச்சொல்லில் ‘விடுதல்’ இருந்தே ஆகவேண்டும் என்பது அன்று எனக்கு உறுதிப்பட்டது.

பெருமூச்சு, நெடுமூச்சு இரண்டிலும் துயரம் ஏறிவிட்டது. ‘உதரவிதானச் சுவாசம்’ (வயிறு எழுந்து தாழ மூச்சு விடுதல்) உடலியல் பாடத்துக்குச் சரி. பதறி நிற்பவளுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. மூச்சை விடுதலுக்கு ‘இரேசகம்’ நம்மிடம் உள்ள பழைய சொல். திருமந்திரம் பூரகத்துக்கு, அதாவது மூச்சை இழுத்தலுக்கு, 16, இரேசகத்துக்கு 32 மாத்திரை (கால அளவு) சொல்கிறது. இழுப்பதைப் போல் இரு மடங்கு விடுவது! ஆனால் இடையில் கும்பகம், அதாவது மூச்சை உள்ளே அடக்குதல், 64. குரு அருகிருந்து பழக்கவேண்டியதைத் தேர்வு வாசலில் சொல்லக்கூடாது.

ஆகவே என் பரிந்துரை: நீள்விடுமூச்சு. வினையாக்கினால் ‘மூச்சை நீள விடு’. சொல்லே செய்முறையாகிவிடுகிறது.

‘தேர்வுப் பதற்றம்’ எனக்கு உடன்பாடே. இலங்கை அன்பர்கள் சொல்லும் ‘பரீட்சைப் பதகளிப்பு’ம் அருமை, உடம்பின் துடிப்பு அதில் கேட்கிறது; இணைச்சொல்லாகச் சேர்ப்போம். ‘தேர்வு பயம்’ மட்டும் வேண்டாம். ஒழுங்காகப் படித்தால் பயம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நன்றாகப் படித்த பிள்ளைக்கும் கை நடுங்குகிறது.

இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி: சேர்த்தே எழுதலாமா, ‘நீள் விடுமூச்சு’ என்று பிரிக்கவேண்டுமா?