பம்பரம் தள்ளாடிய இரண்டு வினாடி: கேம் டிரெய்லருக்குக் காட்சி பிடித்த அனுபவங்கள்

நானும் என் நண்பரும் கோவையில் ஒரு பம்பர கேம் செய்திருக்கிறோம். போனில் ஆடுவது. விரலைச் சுண்டி இழுத்தால் சாட்டை விடுபட்டு பம்பரம் வட்டத்துக்குள் இறங்கும். சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிப் பிடித்து அபீட் எடுக்கலாம், அடுத்தவர் பம்பரத்தில் ஆணியால் குத்தி ஆக்கர் வைக்கலாம். ஒன்றரை வருட உழைப்பு. டிரெய்லரை ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். ஐந்து வாரம் ஆனது. எடிட்டிங் ஒரு வாரம்தான், மீதி நாலு வாரமும் காட்சி பிடிப்பதிலேயே போனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே சொல்லுங்கள்.

முதல் நாள் போனில் இருக்கும் ஸ்கிரீன் ரெக்கார்டரை ஓட விட்டு ஒரு மணி நேரம் ஆடினேன். ஆண்ட்ராய்டு 11 முதல் அது கூடவே வருகிறது, தனி ஆப் வேண்டாம். போட்டுப் பார்த்தால் நல்ல இடத்திலெல்லாம் கேஸ் சிலிண்டர் மெசேஜும் அம்மாவின் மிஸ்டு காலும் மேலே வந்து நிற்கின்றன. அன்றோடு டிரெய்லருக்கென்று சிம் போடாத ஒரு போனை ஒதுக்கிவிட்டோம். போன் செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன் என்ற பகுதியில் டெமோ மோடு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் மேல்பட்டையில் அறிவிப்புச் சின்னங்கள் மறைந்துவிடும்.

அப்புறம் கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக ஸ்கிரீன்ரெக்கார்ட் கட்டளையை முயன்றோம். படம் தெளிவாக வந்தது. ஆனால் அது ஒலியைப் பதிவதில்லை, 3 நிமிடத்தில் தானாக நின்றும்விடும். கடைசியில் நிலைத்தது எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவச மென்பொருள். 2018இல் வந்தது. போன் திரையைக் கம்ப்யூட்டரில் காட்டி அங்கேயே பதிந்துகொள்ளும். 2.0 பதிப்பிலிருந்து, ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் உள்ள போன்களில் ஒலியும் வருகிறது.

சரி, எல்லாம் ஆயிற்று என்று எடிட்டிங்கில் போட்டால், ஆணி தரையில் குத்துகிற ‘டக்’ ஓசை போகப் போகப் பிந்துகிறது. இரண்டு நாள் கேமின் ஒலிக்கான நிரலில் தவறு தேடினோம். தவறு அங்கே இல்லை. இப்படிப் பதியும்போது ஃபிரேம்கள், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள், சீரான இடைவெளியில் விழுவதில்லை. திரை மாறினால் அதிகம், அசையாமல் இருந்தால் குறைவு. எடிட்டிங் மென்பொருள் பலவும் சீரான வேகத்தை எதிர்பார்ப்பவை. பதிந்த ஃபைலை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கொடுத்து, நொடிக்கு மாறாத 60 ஃபிரேமாக மாற்றிய பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை.

சூடு இன்னொரு தலைவலி. ஆட்டத்தையும் ஓட்டி வீடியோவையும் பதிந்தால் இருபது நிமிடத்தில் போன் கொதிக்கிறது. சூடானால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 60 ஃபிரேம் ஓடியது 40க்கு இறங்கும். பம்பரம் சுற்றுவது வெட்டி வெட்டித் தெரிந்தது. வழவழவென்று சுற்ற வைக்க மாதக்கணக்கில் உழைத்திருக்கிறோம், அது வீடியோவில் அப்படி வந்ததைப் பார்க்க மனசு ஆறவில்லை. போன் கவரைக் கழற்றினோம், டேபிள் ஃபேன் அடியில் வைத்தோம், திரை வெளிச்சத்தைக் குறைத்தோம். வெளிச்சம் குறைந்தாலும் பதிவில் மங்காது. விடியற்காலையில் ஐந்தைந்து நிமிடமாக எடுத்தோம். தயவுசெய்து யாரும் போனை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும்.

படப்பிடிப்புக்கென்று கேமின் தனிப் பதிப்பு ஒன்றையும் செய்தோம். மூன்று விரலால் தட்டினால் ஒரு மெனு வரும். வேண்டிய கட்டத்துக்குத் தாவலாம், காற்றை நிறுத்தலாம், விளம்பரப் பட்டையை எடுக்கலாம். ஸ்கோரை மட்டும் மறைக்கவில்லை. கேமை டவுன்லோடு செய்த பிறகு திரையில் இருக்கப் போவதை டிரெய்லரிலும் காட்டுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. 2020இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற மொபைல் கேம்களின் விளம்பரங்கள் உண்மையான ஆட்டத்தைக் காட்டவில்லை என்று தடை செய்தது. ஆப்பிள் விதியும் தெளிவாக இருக்கிறது: ஆப் ஸ்டோர் முன்னோட்டத்தில் ஆப்பின் திரைப்பதிவு மட்டும்தான் வர வேண்டும். கையால் ஆடுவதைக் கேமராவில் எடுத்திருந்தோம், அனுப்பும் முன்பே விதியைப் படித்ததால் தப்பித்தோம். விரல் எங்கே போகிறது என்று காட்ட, விரல் போகும் தடத்தில் சாக்பீஸ் தூள் படிவதுபோல ஒரு கோட்டைக் கேமிலேயே சேர்த்துவிட்டோம். ஆடுபவர்களுக்கும் அது பிடித்துப்போய் அப்படியே தங்கிவிட்டது.

இவ்வளவு செய்தும் முதல் டிரெய்லர் உயிரில்லாமல் இருந்தது. ஆடியது நான். எந்தக் கோணத்தில் விட்டால் எங்கே இறங்கும் என்று எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு விடுதலும் கச்சிதம், பார்த்தால் கம்ப்யூட்டர் தானே ஆடுகிற மாதிரி. ஒரு ஞாயிறு நண்பரின் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள், ஒன்பது வயது. போனைக் கொடுத்துவிட்டுப் பதிவை ஓட விட்டேன். அவள் விட்ட பம்பரம் வட்டத்தின் விளிம்பில் இறங்கித் தள்ளாடியது. தலையை அதோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டு, “மாமா, இன்னும் விழலை, பாருங்க!” என்றாள். சாய்ந்து சாய்ந்து போய் எதிராளி பம்பரத்தை இடித்து, தானும் விழுந்தது. அந்தத் தள்ளாட்டம் இரண்டு வினாடிதான். டிரெய்லரின் தொடக்கமே இப்போது அதுதான். ஆப் ஸ்டோர் முன்னோட்டம் 15 முதல் 30 வினாடிக்குள் இருக்க வேண்டும், ஒலியில்லாமல்தான் தானாக ஓடத் தொடங்கும். இசையை நம்ப முடியாது. விழுமா விழாதா என்ற அந்தத் தவிப்புதான் பார்ப்பவரை நிறுத்துகிறது.

மறுமொழி 1

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம். மேக் இருந்தால் கேபிளில் மாட்டி, அதிலேயே இருக்கும் குவிக்டைம் மென்பொருளில் நேராகப் பதியலாம், 2014இல் வந்த மேக் இயங்குதளத்தின் யோசெமிட்டி பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. எங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். எங்கள் ஓட்டப்பந்தய கேம் நிமிர்ந்த திரைக்கானது. கூகுள் பிளேயில் கொடுப்பதோ யூடியூப் வீடியோ, அகலவாட்டில் இருப்பது நல்லது. இரண்டு பக்கமும் மங்கலாக நிரப்பிப் பார்த்தோம், நடுவில் ஒரு சந்து மாதிரி கேம் தெரிந்தது, பிடிக்கவில்லை. பிறகு கேமின் கேமராவையே அகலமாக்கி, தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளும் தெரிகிற மாதிரி தனியாக எடுத்தோம். பத்து நாள் கூடுதல் வேலை. அந்த வீடுகளை வரைந்தவர் திரையில் பார்த்ததும் அப்படிச் சந்தோஷப்பட்டார்.

மறுமொழி 2

நாங்கள் செய்தது சொல் விளையாட்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் டிரெய்லர் வேண்டும், போனுக்கும் டேப்லெட்டுக்கும் தனித்தனியாக வேண்டும். ஒரே ஆட்டத்தை நாலு தடவை அதே வேகத்தில் ஆட யாராலும் முடியாது. அதனால் வீடியோவைப் பதியாமல் விரல் அசைவுகளைப் பதிந்தோம். எந்த நொடியில் எந்த இடத்தில் தொட்டது என்று ஒரு ஃபைலில் சேமித்து, கேமையே அதைத் திரும்ப ஆட வைத்துவிட்டுப் படம் பிடித்தோம். இடத்தை பிக்சலில் குறிக்காமல் எந்தக் கட்டம் என்று குறித்தால் எல்லாத் திரை அளவுக்கும் பொருந்தும். பம்பர கேம் அண்ணாவும் இதை முயன்று பார்க்கலாம்.

முதல் பதிவர்

நன்றி தம்பி, நேற்று முயன்றோம். என் ஆட்டங்களுக்கு ஓரளவு வந்தது. சின்னவளின் ஆட்டத்தில் விரல் அசைவைப் பதிந்து வைக்கவில்லை, கண்ணால் பார்த்து நாங்களே எழுதிக் கொடுத்தும் பம்பரம் அந்த மாதிரி சாயவில்லை. இறங்கும் கோணத்தில் இம்மி மாறினாலும் வேறு பக்கம் போய்விடுகிறது. அவளையே திரும்ப ஆடச் சொன்னோம், இப்போது நன்றாக ஆடக் கற்றுக்கொண்டாள், பம்பரம் தள்ளாடுவதே இல்லை. அந்த ஒரு ஃபைலை மட்டும் மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறோம்.