அனுப்பியாச்சு, ஆனால் போய்ச் சேரவில்லை: சொந்த மெயில் சர்வரில் பட்ட அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து (தொடங்கியவர்)

பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் எட்டு வருடமாக மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்க டவ்காட், முப்பது பேருக்குக் கணக்கு. பெரிய தொந்தரவு எதுவும் இருந்ததில்லை. போன மாதம் பழைய சர்வரை விட்டுப் புது விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு மாறினோம். மாறிய மூன்றாம் நாள் மெர்ச்சண்டைசர் பெண் என் மேசைக்கு வந்து, "அண்ணா, நேத்து பையருக்கு அனுப்பின சைஸ் சார்ட் போகவே இல்லையாம். ஆனா அதே ஆளுக்குக் காலையில அனுப்பினது போயிருக்கு" என்றார்.

அனுப்பியவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், இடையில் எதுவும் மாறவில்லை. இணைப்பு பெரிதாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, இணைப்பு இல்லாமல் அனுப்பச் சொன்னேன். மூன்று போயின, நான்காவது போகவில்லை. டெம்ப்ளேட்டில் இருக்கும் லோகோவை எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் இருந்த 'அர்ஜென்ட்' என்ற சொல்லை நீக்கிப் பார்த்தேன். அரை நாள் இப்படியே போனது. மெயிலர் டீமன் என்ற பெயரில் திரும்பி வந்த மெயில்களை அவர் வைரஸ் என்று நினைத்து அழித்துக்கொண்டே வந்திருந்தார். அதுவும் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் மெயில் லாகை (சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் எழுதி வைக்கும் பதிவு) திறந்து, அந்த ஒரு முகவரிக்குப் போன வரிகளை மட்டும் பிரித்தெடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். ஒவ்வொரு வரியிலும் 'ரிலே' என்ற இடத்துக்குப் பக்கத்தில், எதிர்முனை சர்வரின் ஐபி (இணைய முகவரி எண்) சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். போய்ச் சேர்ந்த மெயில்களில் அந்த ஐபி புள்ளி வைத்த எண்ணாக இருந்தது. திரும்பிய மெயில்கள் அத்தனையிலும் முக்காற்புள்ளி வைத்த நீள எண். பழைய வகை முகவரியான ஐபிவி4-இல் போனது சேர்ந்திருக்கிறது, புது வகையான ஐபிவி6-இல் போனது திரும்பியிருக்கிறது.

வரியின் கடைசியில் காரணத்தையும் எழுதித்தான் வைத்திருந்தார்கள்: 550-5.7.25, அனுப்பும் ஐபிக்கு பிடிஆர் பதிவு (இந்த ஐபி எந்தப் பெயருக்குரியது என்று டிஎன்எஸ் என்ற இணையப் பெயரேட்டில் சொல்லும் பதிவு) இல்லை. பையரின் மெயில் கூகுளில் இருக்கிறது. பழைய சர்வரில் ஐபிவி6 கிடையாது. புதியதில் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. ஐபிவி4-க்கு மட்டும் பிடிஆர் போட்டிருந்தேன். எதிர்முனையில் இரண்டு வகை முகவரியும் இருந்தால், நாமாக ஒன்றைச் சொல்லாதவரை போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். ஒன்று போய் ஒன்று திரும்பியதன் ரகசியம் அவ்வளவுதான்.

பிடிஆரை நம் டொமைன் பேனலில் போட முடியாது, போட்டாலும் பலனில்லை. ஐபி யாருடையதோ அவர்கள்தான் போட வேண்டும். விபிஎஸ் கொடுத்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை 'ஐநெட் புரோட்டோகால்ஸ்' வரியில் ஐபிவி4 மட்டும் என்று மாற்றி போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு இருநூறு மெயில்கூட அனுப்பாத நமக்கு இதெல்லாம் எதற்கு என்று முன்பு நினைத்ததுண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரே ஒரு மெயில் அனுப்புபவருக்கும் பிடிஆர் பொருந்த வேண்டும், எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5,000-ஐத் தாண்டினால் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) வேண்டும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

சென்னையிலிருந்து

தம்பி, உங்களுக்கு வெளியே போகவில்லை. எனக்கு உள்ளே வருவது நின்றது. அது இன்னும் மோசம், ஏனென்றால் வராத மெயிலைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதம். மதியம் வரைக்கும் இன்பாக்ஸ் அமைதியாக இருக்கிறதே என்று எனக்கே சந்தேகம் வந்தது.

லாகைப் பார்த்தால் வந்த மெயிலையெல்லாம் வாசலிலேயே 554 சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. காரணம்: அனுப்பும் ஐபி ஸ்பேம்ஹவுஸின் ஸ்பேம் தடைப்பட்டியலில் இருக்கிறதாம். வங்கி மெயில், வாடிக்கையாளர் மெயில், என் சொந்த ஜிமெயிலிலிருந்து போட்ட சோதனை மெயில், எல்லாம் பட்டியலில்! ஸ்பேம்ஹவுஸின் தேடல் பக்கத்தில் அந்த ஐபிகளைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

பிறகு டிஎன்எஸ்-ஐக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையில் கையாலேயே கேட்டேன். ஐபியின் நான்கு எண்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கேட்க வேண்டும். உண்மையிலேயே பட்டியலில் இருந்தால் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை ஏதாவது ஒன்று பதிலாக வரும். எனக்கு வந்தது 127.255.255.254. 'பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறாய், பதில் சொல்ல மாட்டேன்' என்பதுதான் அதற்கு அர்த்தம். முந்தின இரவு நான் செய்த ஓஎஸ் அப்கிரேடு, டிஎன்எஸ் அமைப்பை கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று மாற்றிவிட்டிருந்தது. என்ன பதில் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும்படி என் போஸ்ட்ஃபிக்ஸ் வரியும் இருந்தது. இரண்டும் என் தவறுதான்.

முதல் வேலையாக 'சாஃப்ட் பவுன்ஸ்' என்ற வரியை 'எஸ்' என்று மாற்றினேன். இதை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும்வரை 5-இல் தொடங்கும் நிரந்தர மறுப்பெல்லாம் 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்பாகிவிடும். அனுப்பியவரின் சர்வர் கைவிடாமல் தன் க்யூவில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். அந்த அவகாசத்தில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, டிஎன்எஸ் கேள்விகளை நம் சர்வரே நேரடியாகக் கேட்கும்படி செய்தேன். பட்டியல் வரியில் எந்தப் பதில் வந்தால் மறுக்க வேண்டும் என்று 2 முதல் 11 வரை எண்களையும் குறிப்பிட்டேன். காலையிலிருந்து மதியம் வரை 554 வாங்கிப் போனவர்களை மட்டும் லாகிலிருந்து எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். ஒருவர், "நேத்தே நோட்டீஸ் அனுப்பிட்டேனேம்மா" என்றார். அவருக்குத் திரும்பி வந்த மெயிலை அவரும் பார்க்கவில்லை.

கோவையிலிருந்து

என்னுடையது சின்னது. சர்வருடனான இணைப்பைப் பாதுகாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தேன், அதுவும் ஒழுங்காகப் புதுப்பித்திருந்தது. ஆனாலும் ஒரு திங்கட்கிழமை காலை எல்லார் போனிலும் 'சான்றிதழ் காலாவதி' என்று வந்தது. கோப்பில் புது சான்றிதழ் இருக்கிறது, ஓடிக்கொண்டிருந்த டவ்காட் பழையதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ரீலோட் செய்ததும் சரியானது. கோப்பைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஓபன்எஸ்எஸ்எல் கட்டளையால், மெயில் படிக்கும் 993 போர்ட்டுக்குப் போய் வெளியிலிருந்து தேதியைப் பாருங்கள். புதுப்பித்ததும் ரீலோட் ஆகும்படி ஹூக்கும் (தானாக ஓடும் கட்டளை) போட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கட அறக்கட்டளைக்கு நான்தான் சேர்வர் பார்க்கிறனான். பிடிஆர், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் சரி. சோதனைத் தளங்களில் முழுப் புள்ளி. ஆனாலும் பெரிய மின்னஞ்சல் நிறுவனம் ஒன்று மட்டும் எங்கள் கடிதங்களை ஏற்கவே இல்லை. பதிலை முழுசாக வாசித்தால், 'உங்கள் வலையமைப்பின் ஒரு பகுதி எங்கள் தடைப்பட்டியலில் இருக்கிறது' என்று இருந்தது. எங்கட ஐபி குற்றம் செய்யவில்லை. அதே தொடரில் பக்கத்தில் இருந்த ஆரோ ஸ்பேம் அனுப்பியிருக்கினம்.

அவையின்ர படிவத்தை நிரப்பினேன். முதல் பதில் தானியங்கிப் பதில், தடை நீக்கத் தகுதி இல்லை என்று. அதோடு விட்டுவிட வேண்டாம். அந்தப் பதிலுக்கே மறுபடி எழுதினேன்: நாங்கள் ஆர், ஒரு நாளைக்கு எத்தனை கடிதம், ஆருக்கு, எப்போதிலிருந்து இந்த ஐபி எங்களிடம் இருக்கிறது என்று நாலு வரி. இரண்டு கிழமைக்குப் பிறகு மனிதர் ஒருவர் பதில் எழுதித் தடையை எடுத்துவிட்டார்.

அந்த இரண்டு கிழமையும் கடிதம் நிற்க ஏலாது, உதவித்தொகைப் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய தகவல். அந்த நிறுவனத்தின்ர டொமைன்களை மட்டும் போஸ்ட்ஃபிக்ஸ் டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் (எந்த டொமைனுக்கு எந்த வழி என்று சொல்வது) எழுதி, காசு கட்டி எடுத்த ரிலே (இடைச் சேர்வர்) ஒன்றின் வழியாக அனுப்பினேன். மற்ற எல்லாம் வழக்கம்போல எங்கட சேர்வரில் இருந்தே போனது. ரிலேயை எஸ்பிஎஃப்பில் சேர்க்கும்போது கவனம். புது வரியாக இரண்டாவது எஸ்பிஎஃப் போட்டால் இரண்டுமே செல்லாது. இருக்கிற வரிக்குள்ளேதான் சேர்க்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டவும் கூடாது.

திருப்பூரிலிருந்து

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐபிவி6-க்கு பிடிஆர் வந்தது. ஐபியிலிருந்து பெயருக்கும், பெயரிலிருந்து அதே ஐபிக்கும் இரண்டு திசையிலும் டிக் போட்டுப் பார்த்த பிறகே ஐபிவி6-ஐத் திரும்பத் திறந்தேன். என் ஜிமெயிலுக்கு வரிசையாக இருபது சோதனை மெயில் அனுப்பினேன். லாகில் முக்காற்புள்ளி வைத்த ஐபிக்குப் பக்கத்திலும், ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் 250 வந்தது. யாழ்ப்பாணத்து அண்ணனின் டிரான்ஸ்போர்ட் வழியையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

550 வாங்கியவை தானாக மறுபடி போகாது. சர்வர் மாறிய தேதியிலிருந்து லாகைத் துழாவியதில் 41 மெயில் அப்படித் திரும்பியிருந்தது. மெர்ச்சண்டைசர் பெண்ணுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பலவற்றை அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சமாளித்திருந்தார்கள். பன்னிரண்டை மறுபடி அனுப்பினோம். சைஸ் சார்ட்டுக்கு பையரின் ஒப்புதல் அன்றிரவே வந்தது.

சென்னை அக்கா, அந்த சாஃப்ட் பவுன்ஸ் வரியை சர்வர் மாறிய நாளே போட்டிருந்தால், எதிர்முனை கொடுத்த 550-ஐயும் அது தற்காலிக மறுப்பாகவே எடுத்துக்கொண்டு 41 மெயிலையும் க்யூவில் வைத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை வைத்து முயலுமே, அதற்குள் மறுமுறை ஐபிவி4-இல் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த மாற்றத்துக்கான செக்லிஸ்ட்டில் அதை முதல் வரியாக எழுதி சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.