ஒரே தீவில் பல வேட்டையாடிகள்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

வாவிக்கரை, மட்டக்களப்பு:
எங்கள் வாவியில் ஆள் குடியில்லாத, கண்ணா என்ற அலையாத்தி மரங்கள் அடர்ந்த தீவுகள் சில உண்டு. தோணியில் சீக்கிரமே ஒரு சுற்று வந்துவிடலாம். அவ்வளவு சின்ன இடத்தில் மீன் தின்னும் பறவைகள் இத்தனை எப்படிப் பிழைக்கின்றன?

நான் பார்த்தவரை, பாதிச் சண்டையை அலகும் காலுமே தீர்த்துவிடுகின்றன. சின்ன மீன்கொத்தி தாழ்ந்த கிளையில் இருந்து கரையோரக் குஞ்சு மீனைக் குத்துகிறது. கறுப்பு வெள்ளை மீன்கொத்திக்குக் கிளையே தேவையில்லை. நடு வாவியில் அந்தரத்தில் சிறகடித்து நின்று பாய்கிறது. கொக்குக்குக் கால் எட்டும் ஆழம்தான் எல்லை. அதற்கு அப்பால் நீர்க்காகம் முங்கித் துரத்துகிறது. இருட்டி, கொக்குகள் அடைந்தபின் வக்கா என்ற இராக்கொக்கு புறப்படும். கலியாண வீட்டில் முதற் பந்தி எழும்பியதும் அடுத்த பந்தி உட்காருகிற மாதிரி.

மீதிப் பாதி சண்டைதான். செம்பிராந்து ஒரு திலாப்பியாவைத் தூக்கிக்கொண்டு போனது. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு மேலிருந்து இறங்கி, விடாமல் நெருக்கி, மீனைப் போட வைத்து, அது தண்ணீரில் விழுந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதைப் பங்கீடு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

குளத்துக்காரன், அம்பாறை:
அண்ணன், சேனநாயக்க சமுத்திரம் என்ற எங்கள் பெரிய குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள தீவுகள், பள்ளத்தாக்கில் தண்ணீர் நிறைந்தபோது மூழ்காமல் மிஞ்சிய குன்றுகளின் தலைகள். யானை ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நீந்துவதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் பார்த்தது பறவைகள் கூடு கட்டும் தீவை. மேலே பிராந்தும் காகமும் காத்திருந்தன. மரத்தடியில் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு ஒன்று, கூட்டிலிருந்து தவறி விழுந்த மீனையும் குஞ்சையும் பொறுக்கிக்கொண்டு திரிந்தது. மேலே இருப்பவற்றோடு அதற்குப் போட்டியே இல்லை. படகுக்காரர் தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். கிட்டப் போனால் தாய்ப்பறவை எழும்பும், காகத்துக்கு அந்த அரை நிமிடம் போதும் என்றார். படம் எடுக்க வந்தவர்களுக்கு முகம் சுருங்கியது. அவர் அசையவில்லை.

கல்லடி வாசகி:
நான் கண்டதல்ல, படித்தது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் உள்ள சாந்தா குரூஸ் தீவில் பூனையளவு நரி ஒன்று உண்டு. அதே தீவில் ஸ்கங்க் என்ற, நாற்றம் பீய்ச்சும் பிராணியும் உண்டு. இரண்டும் எலி, பூச்சி தின்பவை. நரி பகலிலும் இரவிலும் அலையும். ஸ்கங்க் இரவில் மட்டுமே வெளியே வரும். அப்படியே காலம் போனது.

மனிதர் கொண்டுபோன பன்றிகள் அங்கே காடேறிப் பெருகின. முன்பு அங்கே வாழ்ந்த, மீனை நம்பியிருந்த வெண்தலைக் கழுகுகள் டிடிடி என்ற பூச்சிகொல்லி நஞ்சால் அழிந்துபோயிருந்தன. விரட்ட அவை இல்லாததால், 1990களில் பொன்னிறக் கழுகுகள் பன்றிக்குட்டிகளுக்காக வந்து தங்கிவிட்டன. பன்றி இருந்ததால் அவற்றுக்குப் பசி இல்லை. நரி மேலதிகக் கறி. ஆயிரத்துக்கு மேல் இருந்த நரிகள் நூறுக்கும் கீழே இறங்கின. நரி குறையக் குறைய ஸ்கங்க் பெருகியது! அதுவரை அதை அடக்கி வைத்தது நரிதான் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. பிறகு பன்றிகளை ஒழித்து, பொன்னிறக் கழுகுகளைப் பிடித்து அப்புறப்படுத்தி, வெண்தலைக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016இல் அந்த நரி, அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீங்கியது.

வாவிக்கரை, மட்டக்களப்பு:
தங்கச்சி, பன்றிக் கதை எங்கள் தோணித் துறைக்கும் பொருந்தும். மீன் குடலையும் தலையையும் கரையில் கொட்டுகிறார்கள். காகத்துக்கு வருடம் முழுக்கச் சோறு. கொக்கு முட்டையிடும் காலத்தில் அதே காகக் கூட்டம் எதிரே உள்ள தீவுக்குப் போகிறது. கழிவைக் குழி வெட்டிப் புதைக்கலாமே என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார்கள்.