கோழி ஒரு பக்கம் சாய்கிறது – குடும்பக் குழு, சனிக்கிழமை மாலை

தம்பி: அண்ணா, வீடியோவைப் பாருங்கோ. கோழியைக் கம்பியில் குத்தி மோட்டரால் சுற்றுகிற ரொட்டிசரி செட் ஒன்றைக் காஸ் கிரில்லில் பூட்டிவிட்டேன், இன்னும் பற்றவைக்கவில்லை. மோட்டர் சுற்றுகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கோழி மேலே ஏறும்போது திணறிவிட்டுப் பிறகு தொப்பென்று விழுகிற மாதிரி இறங்குகிறது. நாளைக்கு எல்லாரும் வருகிறீர்கள். மோட்டர் பழுதா?

அண்ணா: மோட்டரில் பிழை இல்லை. ஒரே இடத்தில் திணறினால் பாரம் ஒரு பக்கம் கூடிவிட்டது என்று அர்த்தம். இப்படியே ஓட விட்டால்தான் மோட்டர் பழுதாகும், கோழியும் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் இருக்கும். கம்பியைக் கழற்று.

அக்கா: கால், செட்டை எல்லாம் விரிந்து கிடக்கிறதே! நூலால் கட்டவில்லையா?

தம்பி: கட்ட வேண்டுமா? இரண்டு பக்கமும் முள்ளுக் கவ்வியை இறுக்கியிருக்கிறேன்.

அண்ணா: கட்டாயம் கட்ட வேண்டும். பருத்தி நூல்தான், நைலோன் உருகிவிடும். செட்டையை உடம்போடு ஒட்டக் கட்டு, இரண்டு காலையும் சேர்த்து வால் பக்கம் இறுக்கு. காலை ஆட விட்டால் சுற்றச் சுற்ற பாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் கோழி நிற்கும், கம்பி மட்டும் உள்ளே சுற்றும். கவ்வியின் முள்ளு ஒரு பக்கம் தொடைச் சதையிலும் மறுபக்கம் நெஞ்சுச் சதையிலும் ஆழமாக இறங்க வேண்டும். அதன் திருகைக் கையால் இறுக்கினால் போதாது, சூட்டில் தளர்ந்துவிடும், குறட்டால் ஒரு தடவை இறுக்கு.

அண்ணா: இனித்தான் முக்கியமான வேலை. கோழி குத்திய கம்பியைச் சிங்கின் இரண்டு விளிம்பிலும் வைத்துவிட்டுக் கையை எடு. பாரமான பக்கம் தானாகக் கீழே போகும். கொஞ்சமாக இருந்தால் செட்டோடு வந்த எதிர்ப்பாரத்தை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பிப் பூட்டு. கூட இருந்தால் கழற்றித் திரும்பக் குத்து, பஞ்சிப்படாதே. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்திலேயே நின்றால் சரி. இந்த ஒன்று சரியாக வந்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும்.

மச்சான் (நியூ ஜேர்சி): இரண்டு கோழி போடுவதென்றால் ஒன்றின் நெஞ்சு மேலேயும் மற்றதின் நெஞ்சு கீழேயும் பார்க்கிற மாதிரிக் குத்து, ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று மோட்டர் லேபிளில் இருக்கும், அதையும் பார்.

மாமி: தயிர், உள்ளி, இஞ்சி, தேசிக்காய்ப் புளி, மிளகாய்த்தூள், உப்பு. இன்றைக்கு இரவே பூசி பிரிட்ஜில் வை. தேன், சோஸ் ஒன்றும் முதலே பூச வேண்டாம், இனிப்புக் கருகிவிடும். கடைசிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் பூசினால் காணும்.

தம்பி: சரி மாமி. அண்ணா, நெருப்பு எப்படி?

அண்ணா: உள்ளே இருக்கிற கம்பித் தட்டுகளை எடுத்துவிடு. பற்றவைக்க முதல் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார், எங்கேயும் தட்டக்கூடாது. ஓரத்து பர்னர்கள் மட்டும் எரியட்டும், நடுவில் உள்ளதை நிறுத்திவிட்டு அங்கே கொழுப்பு விழ ஒரு தட்டத்தை வைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்று. கோழி நெருப்புக்கு நேர் மேலே இருந்தால் கொழுப்புச் சொட்டி எரியும். அப்படிப் பற்றினால் காஸை நிறுத்து, தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி மூடியிருக்கட்டும், 180 பாகை செல்சியஸ் அளவில் பிடி. 1.8 கிலோ கோழிக்கு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். அடிக்கடி திறந்தால் இன்னும் இழுக்கும்.

மச்சான்: உள்ளே 74 பாகை வந்தால் இறக்கலாம். 165 பாரன்ஹைட் என்றுதான் இங்கே அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்கிறது.

அக்கா: நாங்கள் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். ஹெல்த் கனடா முழுக்கோழிக்கு 82 என்கிறது, 74 வெட்டின துண்டுகளுக்கு.

அண்ணா: 82தான் பார்க்க வேண்டும், வருகிறவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொடைக்கும் அந்தச் சூடுதான் நல்லது, 74இல் எலும்போரம் சவ்வு மாதிரி இழுபடும். மோட்டரை நிறுத்திவிட்டுத் தொடையின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்து. எலும்பிலோ கம்பியிலோ பட்டால் பிழையாகக் காட்டும். மூடியில் இருக்கிற மீட்டர் அடுப்பின் சூட்டைத்தான் காட்டும், கோழியின் சூட்டை இல்லை. இறக்கிப் பத்து நிமிடமாவது விட்டு வெட்டு. வெறுங்கையால் கம்பியைத் தொடாதே.

அம்மா: கிரில்லைச் சுவரோடு ஒட்ட வைக்காதே ராசா. பக்கத்து வீட்டில் சுவரில் அடித்த பிளாஸ்டிக் பலகை சூட்டில் நெளிந்து தொங்குகிறது.

அண்ணா: அம்மா சொல்வது சரி. வீட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி வை. மோட்டர் வயர் மூடியில் படாமல் வெளிப்பக்கமாக வரட்டும். வெளியே பாவிக்கிற மூன்று முள்ளு வயர்தான் வேண்டும், டெஸ்ட் பட்டன் இருக்கிற வெளிப் பிளக்கில் குத்து. மழை வந்தால் நிறுத்திவிடு.

தம்பி: அண்ணா!! கட்டி, திரும்பக் குத்தி, சிங்கில் வைத்துப் பார்த்தேன். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது. மோட்டரில் போட்டால் ஒரு சத்தமும் இல்லை, வீடியோ அனுப்புகிறேன்.

அக்கா: பார்க்கவே நன்றாக இருக்கிறது.

அண்ணா: அருமை. இனிக் கழற்றி, மாமி சொன்ன மாதிரிப் பூசி உள்ளே வை. நாளைக்குக் குத்தின பிறகும் ஒரு தடவை சிங்கில் வைத்துப் பார்.

தம்பி: ஓம். அக்கா, வரும்போது பருத்தி நூல் கொண்டு வாங்கோ, இரண்டாவது கோழிக்குக் காணாது.