'லெட் த புல்லட்ஸ் ஃப்ளை': அந்த ஜெல்லிக் காட்சி தேவையா?

கூர்வாள்: சீன இயக்குநர் ஜியாங் வென் 2010-ல் எடுத்த இந்தப் படம் "வெறும் துப்பாக்கிச் சத்தம், விமர்சகர்கள் சும்மா தூக்கிவைத்து ஆடுகிறார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சலாக இருந்தது. தைவானின் தங்கக் குதிரை விருதில் தழுவல் திரைக்கதைக்கும் ஒளிப்பதிவுக்கும் பரிசு வாங்கிய படம் இது. நாயகன் ஒரு கொள்ளைக்காரன்; ஆளுநராக வேடமிட்டு ஓர் ஊருக்கு வந்து, அதை ஆட்டிவைக்கும் பணக்காரனோடு மோதுகிறான். அவனுடைய வளர்ப்பு மகன், 'ஆறாவது தம்பி' என்பவன், வயிற்றைக் கிழித்துக் காட்டும் காட்சி ஒன்றே போதும்.

ஈசல்: எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். அந்தக் காட்சிதான் பிரச்சினையே. அதுவரை சிரிக்க வைத்துவிட்டுத் திடீரென்று கத்தியை எடுத்தால் அது நகைச்சுவைப் படமா?

கூர்வாள்: ஒழுங்காகப் பார்த்தீர்களா? இரண்டு கிண்ணம் ஜெல்லி தின்றுவிட்டு ஒன்றுக்குத்தான் காசு கொடுத்தான் என்று பழி. ஒரு கிண்ணம்தான் என்று வயிற்றைக் கிழித்துக் காட்டுகிறான். பார்த்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது நியாயம் இல்லை, வேடிக்கை.

ஈசல்: ஒன்றோ இரண்டோ, கொள்ளைக் கூட்டத்தில் வளர்ந்தவன் இவ்வளவு ஏமாளியா?

கூர்வாள்: ஏமாளி இல்லை. அவனை வளர்த்தவர் சற்று முன்புதான் ஊர் நடுவில் நியாயம், நியாயம் என்று முழங்கினார். பையன் அதை நம்பினான்.

பழைய டிவிடி: வசூல் 60 கோடி யுவானைத் தாண்டியதே, அதை யாரும் பேசக் காணோம். பணக்காரனாகவும் அவனைப் போலவே இருக்கும் போலியாகவும் சோ யுன்-ஃபாட் போட்ட இரட்டை வேடம்?

கூர்வாள்: வசூலை யார் கேட்டது? ஜெல்லியைப் பேசுங்கள்.

பழைய டிவிடி: 'குங்ஃபூ ஹசில்' விவாதத்திலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

ஈசல்: இதே இயக்குநரின் போர்ப் படம் 'டெவில்ஸ் ஆன் த டோர்ஸ்டெப்' 2000-ல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. அதில் சிரிப்பும் கொடூரமும் ஒட்டின. இதில் ஒட்டவில்லை. வசனம் ஓடுகிற வேகத்துக்கு சப்டைட்டில் படிக்கவே நேரமில்லை.

கூர்வாள்: உங்கள் கண் வேகத்துக்குப் படம் என்ன செய்யும்? ஒரே கிண்ணம். அதைப் பிடித்தால் மீதி தானாகப் புரியும். பணக்காரன் மாளிகைக்குள் ஊர் எப்போது நுழைகிறது? அவன் தலை விழுந்ததாக நம்பிய பிறகுதான். கடைசியில் நாயகன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையும் விடாமல் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதே கூட்டம்!

ஈசல்: கூட்டம் சரி. கத்தி எதற்கு? இன்னும் பதில் வரவில்லை.

கூர்வாள்: மேலே எழுதியதைப் படியுங்கள். இரண்டு இல்லை, ஒன்று.

பழைய டிவிடி: சோ யுன்-ஃபாட்டுக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன். கூர்வாள் அங்கே வர வேண்டாம்.

கூர்வாள்: வருவேன்.